ரீஜென்சி கதையில் ஒப்பந்தக் கல்யாணம்: எந்தக் காரணத்தை வைத்து எழுதுவது?

காதல் இல்லாமல், ஒரு தேவைக்காக நடக்கிற கல்யாணம். அப்புறம் ஒரே வீட்டுக்குள் மெல்ல வளர்கிற அன்பு. இணையத்தில் தமிழ்த் தொடர்கதை படிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. ‘கான்ட்ராக்ட் மேரேஜ்’ என்று தலைப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். இதையே ரீஜென்சி கால இங்கிலாந்தில் வைத்து எழுத நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நோய் முற்றியதால் அவருடைய மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்திய காலம் அது, 1811 முதல் 1820 வரை. எழுத உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த இரண்டு பேரும் ஏன் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்பதை.

இந்த வகைக் கதைகளில் நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். பெண்ணின் பெயர் கெட்டுவிட்டது. உயிலில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. பிரபு கடனில் மூழ்கிக் கிடக்கிறார், பெண் வீட்டில் பணம் இருக்கிறது. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் கடைசியைத்தான் சொல்வேன். மற்ற மூன்றும் எங்கே தடுக்கிவிழுகின்றன என்று பார்த்தால் ஏன் என்பது புரியும்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இன்றைய கதையில் ஓர் ஆண்டு ஒப்பந்தம் போட்டுப் பிரிந்துவிடலாம். அந்த இங்கிலாந்தில் அப்படி ஒரு கதவே கிடையாது. மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் அந்தத் தம்பதிக்கென்றே நாடாளுமன்றம் ஒரு தனிச்சட்டம் நிறைவேற்ற வேண்டும். 1857-இல் முறை மாறும்வரை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், அப்படி விடுதலை பெற்ற தம்பதிகள் 300-க்குச் சற்று அதிகம். அதில் மனைவி கேட்டு வாங்கியவை 4 மட்டும்தான், முதலாவது 1801-இல். ‘நாங்கள் கணவன் மனைவியாக வாழவே இல்லை, அதனால் ரத்து செய்யுங்கள்’ என்று ஏராளமான நாவல்களில் வருகிறதே, அதுவும் செல்லாது. தாம்பத்தியம் நடக்காதது தனியாக ஒரு காரணம் ஆகாது. இயலாமை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கும் மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பது திருச்சபை நீதிமன்றங்களின் வழக்கம். இந்த அவமானத்தை எந்தப் பிரபு தாங்குவார்?

ஆக, உள்ளே போனால் வெளியே வர முடியாது. இந்தக் கதைவகையின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் ஒவ்வொரு காரணத்தையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: மாதாகோயிலில் கையெழுத்துப் போட்டதும் தீர்ந்துபோகும் காரணமா, மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்திருக்கும் காரணமா?

அதிகம் பேர் கையாள்வது பெயர் கெட்டுப்போவதைத்தான். நடனம் நடக்கும் வீட்டில் தோட்டத்துப் பக்கம் இருவரும் தனியாக நின்றதை யாரோ பார்த்துவிடுவார்கள். வண்டிச்சக்கரம் உடைந்து ஓர் இரவு சத்திரத்தில் தங்க நேரும். காலையில் லண்டன் முழுக்கப் பேச்சாகிவிடும். புதன்கிழமை தோறும் ஆல்மாக்ஸ் மண்டபத்தில் நடக்கும் நடனங்களுக்கு யாருக்கு அனுமதிச் சீட்டு தருவது என்று சில சீமாட்டிகள் கூடி முடிவு செய்த ஊர் அது. அங்கே பேச்சுக்கு இருந்த வலிமை கற்பனை இல்லை. இந்தக் காரணத்தின் வசதி வேகம். மூன்றே பக்கத்தில் இருவரையும் சேர்த்து நிறுத்திவிடலாம். ஆண் ஒரு தடவை வாக்குக் கொடுத்துவிட்டால் பின்வாங்கவும் முடியாது, பெண் வீட்டார் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆனால் கல்யாணம் நடந்ததும் பேச்சு அடங்கிவிடுகிறது. பிரச்சினை தீர்ந்துவிட்டது, கதையில் இன்னும் இருநூறு பக்கம் பாக்கி. அந்த இடத்தை நிரப்பத்தான் எழுதுபவர்கள் தொலைந்துபோன கடிதத்தையும், பழைய காதலியையும், ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடக்கூடிய சந்தேகங்களையும் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். படிக்கிறவருக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஒரு விதிவிலக்கு உண்டு. அவள் வேண்டுமென்றே வலைவிரித்தாள் என்று அவன் நம்பினால், அந்தச் சந்தேகம் கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் இருக்கும். அதையாவது முதல் நாளிலிருந்தே விதைத்து எழுத வேண்டும்.

உயில் நிபந்தனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கில் இதுதான் பலவீனமானது. ‘முப்பது வயதுக்குள் கல்யாணம் செய்யாவிட்டால் பட்டமும் மாளிகையும் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போய்விடும்’ என்று எழுதுகிறார்கள். பிரபுப் பட்டம் உயிலால் கைமாறுவதில்லை. பெரிய குடும்பங்களின் பூர்விக நிலமும் பெரும்பாலும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக செட்டில்மென்ட் பத்திரத்தில் கட்டிவைத்திருப்பார்கள். அப்போது உரிமையில் இருப்பவர் ஆயுள்வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். உயிலில் நிபந்தனை போட முடிவது அதற்கு வெளியே இருக்கும் சொத்துக்கு: தாய்வழிப் பாட்டனார் வியாபாரத்தில் சேர்த்த பணம், பிள்ளையில்லாத அத்தையின் அரசுக் கடன்பத்திரங்கள், இப்படி. அதைச் சரியாக எழுதினாலும் கல்யாணம் நடந்த அன்றே நிபந்தனை நிறைவேறிவிடும். மேலும், செத்துப்போன ஒருவரின் விசித்திர ஆசைதான் இருவரையும் சேர்த்து வைக்கிறது. அவர்களாக எதையும் எடைபோட்டு முடிவு செய்யவில்லை. நகைச்சுவைக் கதை எழுதுபவருக்கு இது போதும்.

போக்கிடம் இல்லாத பெண் என்ற காரணம் அப்படி இல்லை. இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன், சில நாட்களில் முதலிடத்துக்கே கொண்டுபோகத் தோன்றும். அப்பா போனதும் வீடு ஆண் வாரிசுக்குப் போய்விடும். கண்ணியமான குடும்பத்துப் பெண் செய்யக்கூடிய வேலை என்று பார்த்தால் பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் வேலை, அல்லது வயதான சீமாட்டிக்குத் துணையாக இருப்பது. அந்த வீட்டில் அவள் எஜமானர்களோடும் சேர்த்தி இல்லை, வேலைக்காரர்களோடும் சேர்த்தி இல்லை. இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில், அண்ணியின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

இந்த முடிவை உண்மையிலேயே எடுக்க வேண்டிவந்தவர் ஜேன் ஆஸ்டென். 1802 டிசம்பர் 2 அன்று ஹாம்ப்ஷயரில் மேனிடவுன் என்ற பெரிய பண்ணை மாளிகையின் வாரிசு ஹாரிஸ் பிக்-விதர் அவரைப் பெண் கேட்டார். ஆஸ்டெனுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் 27. மாப்பிள்ளைக்கு 21. சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். சம்மதித்திருந்தால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஆயுளுக்கும் ஒரு வீடு கிடைத்திருக்கும். 1805-இல் அப்பா இறந்த பிறகு அந்த மூன்று பெண்களும் சகோதரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தரும் பணத்தில், இடம் மாறி மாறி வாழ்ந்தார்கள். 1809-இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு வீட்டை ஒதுக்கித்தந்த பிறகுதான் நிலையான இடம் என்று ஒன்று வந்தது. இதையெல்லாம் அனுபவித்தவர்தான் 1813-இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் ஷார்லட் லூகாஸை எழுதினார். அவளுக்கும் வயது 27. அறிவுகெட்ட காலின்ஸுக்கு அவள் கண்ணைத் திறந்துகொண்டே கழுத்தை நீட்டுகிறாள், அதற்குப் பிறகு தன் நாளை எப்படி வகுத்துக்கொள்கிறாள் என்பதையும் ஆஸ்டென் காட்டுகிறார். தான் மறுத்த ஒன்றை ஏற்றுக்கொண்ட பெண்ணை அவர் ஓரிடத்திலும் மட்டம்தட்டவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த நேர்மையின் மேல் மரியாதை கூடுகிறது.

ஆண் பக்கத்துக்கும் பொருத்தமான ஒரு தேவை அந்தக் காலத்திலேயே இருக்கிறது. மனைவியை இழந்து, கைக்குழந்தைகளோடு நிற்கும் ஒருவர். பிள்ளைகளுக்கு நன்கு பழகிய சித்தி இருக்கிறாள், அவளையே கட்டிக்கொள்ளலாமே என்று நம் ஊரில் உடனே சொல்லிவிடுவார்கள். அங்கே இறந்த மனைவியின் தங்கையைக் கட்டினால் யாராவது திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அந்தக் கல்யாணத்தையே கவிழ்த்துவிட முடியும். 1835-க்குப் பிறகு அடியோடு செல்லாது என்றே ஆக்கிவிட்டார்கள். அதனால் அவர் வெளியே தேட வேண்டும். வேலை தேடும் கவர்னஸும் தாய் தேடும் பிள்ளைகளும் சந்திக்கிற இடம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

இதில் என்னை உறுத்துவது இருவருடைய நிலையிலும் உள்ள ஏற்றத்தாழ்வு. அவனுக்கு வேறு பெண் கிடைப்பாள். அவளுக்கு வேறு கூரை கிடைக்காது. அவள் காட்டும் அன்பில் எவ்வளவு அன்பு, எவ்வளவு நன்றி என்று பிரித்தறிய முடியாது, அவளுக்கே தெரியாது. நல்ல எழுத்தாளர் கையில் இது ஆழமான கதையாகும். சாதாரணக் கையில் உதவி செய்த எஜமானரை வணங்கும் கதையாகிவிடும்.

கடனும் சீதனமும் சேரும்போது இந்த ஏற்றத்தாழ்வு சமன்படுகிறது. அவனிடம் பட்டமும் பரம்பரையும் இருக்கின்றன, காசு இல்லை. அவள் அப்பாவிடம் காசு இருக்கிறது, உயர்குடி வீடுகளில் நுழைய அனுமதி இல்லை. இரண்டு பேருக்கும் கொடுக்க ஒன்று உண்டு, இரண்டு பேருக்கும் கூச்சப்பட ஒன்று உண்டு. கல்யாணத்தன்று எதுவும் முடிவதில்லை. கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய யார் பணம்? புதுத் திரைச்சீலையைத் தேர்ந்தெடுத்தது மனைவியா, மாமனாரா? ஒவ்வொரு நாளும் அந்தக் காரணம் வீட்டுக்குள் நடமாடும்.

ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர் எப்படிக் கடனாளி ஆவார் என்று கேட்கலாம். மேலே சொன்ன செட்டில்மென்ட்தான் பதில். நிலத்தை விற்க முடியாது. ஆனால் அம்மாவுக்கு விதவைத் தொகை, தம்பி தங்கைகளுக்குப் பங்கு, அப்பா சூதாட்டத்தில் விட்டது, எல்லாம் அந்த நிலத்தின் வருமானத்திலிருந்தே போக வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பிரபுப் பட்டம் உள்ளவரைக் கடனுக்காகச் சிறையில் போட முடியாது. அந்தப் பயம் பட்டமில்லாதவர்களுக்குத்தான். லண்டனின் நாகரிகத்தையே ஆட்டிவைத்த பியூ ப்ரம்மெல் 1816-இல் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சுக்குத் தப்பி ஓடினார். ஏர்ல் பட்டம் உள்ள உங்கள் பிரபு சிறைக்குப் பயப்படமாட்டார். தன்னை நம்பியிருக்கும் தங்கைகளின் கல்யாணமும் குடியானவர்களின் வீடுகளும் பாழாவதற்குப் பயப்படுவார். கதைக்கு அது இன்னும் நல்லது.

பெண்ணின் பக்கம் இருக்கும் ஆபத்தும் உண்மையானது. கல்யாணமானால் அவளுடைய ரொக்கமும் நகையும் கணவனுடையவை. அவள் பெயரில் நிலம் இருந்தால் வருமானம் அவனுக்கு. இதிலிருந்து காப்பது கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளும் செட்டில்மென்ட். அதில் அறங்காவலர்கள் இருப்பார்கள், அவள் கைச்செலவுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்றும் விதவையானால் இவ்வளவு என்றும் எழுதியிருக்கும். கொண்டுவரும் ஒவ்வொரு 1,000 பவுண்டுக்கும் விதவைத் தொகை ஆண்டுக்கு 100 பவுண்டு என்பது ஏறத்தாழ வழக்கமான கணக்கு. 20,000 பவுண்டோடு வருகிறவள் பிற்காலத்துக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு கேட்கலாம். ஒரு சீமான் வசதியாக வாழப் போதுமான தொகை அது.

இது எப்படியெல்லாம் முடியும் என்பதற்கு அந்தக் காலமே மூன்று உதாரணங்களை விட்டுச்சென்றிருக்கிறது.

ரீஜென்ட் இளவரசரே பணத்துக்காகக் கல்யாணம் செய்தவர்தான். சுமார் 6,30,000 பவுண்டு கடன். அதைத் தீர்க்க வழி பிறக்கும் என்று 1795 ஏப்ரலில் பிரன்ஸ்விக் நாட்டு கரோலினைக் கட்டினார். முதன்முதலாகப் பெண்ணைப் பார்த்ததுமே உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு கோப்பை பிராந்தி கேட்டார். மறு ஆண்டு ஒரு மகள் பிறந்தாள், அதோடு சேர்ந்து வாழ்வது முடிந்தது. 1820-இல் அரசரானதும் கரோலினை விலக்கிவைக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, ஊரே சிரிக்க, அதுவும் நிறைவேறாமல் போனது.

இரண்டாவது கேத்தரின் டைல்னி-லாங். எசெக்ஸில் வான்ஸ்டெட் மாளிகையின் சொந்தக்காரி, நாட்டின் பெரும்பணக்கார வாரிசுகளில் ஒருத்தி. ரீஜென்ட்டின் தம்பி கிளாரன்ஸ் கோமகனே பெண் கேட்டுச் சுற்றி வந்தார். அவள் 1812-இல் வில்லியம் வெல்லஸ்லி-போலை விரும்பிக் கட்டிக்கொண்டாள். பத்தே ஆண்டில் அவன் கடனில் மூழ்கி வெளிநாட்டுக்கு ஓடினான். நிலத்தை விற்க செட்டில்மென்ட் விடவில்லை. அதனால் 1822-இல் மாளிகைச் சாமான்களை ஏலம் விட்டார்கள், அப்புறம் மாளிகையையே இடித்துக் கல்லும் மரமுமாக விற்றார்கள். கேத்தரின் 1825-இல் இறந்துபோனாள். காதலித்துக் கட்டியதுதான் இந்தக் கதி ஆனது என்பதைக் கவனியுங்கள்.

அவள் வேண்டாமென்ற அதே கிளாரன்ஸ் கோமகன் வில்லியம்தான் மூன்றாவது உதாரணம். நாவலாசிரியர்கள் கற்பனை செய்வது நிஜத்திலும் நடந்திருக்கிறது என்று காட்டுவது இவருடைய வாழ்க்கை. ரீஜென்ட்டின் ஒரே மகள் ஷார்லட் 1817 நவம்பரில் பிரசவத்தில் இறந்ததும் அரியணைக்கு அடுத்த தலைமுறையில் வாரிசு இல்லை. நடுத்தர வயது இளவரசர்கள் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். வில்லியமுக்கு 52 வயது, நிறையக் கடன், நடிகை டோரதியா ஜோர்டனோடு வாழ்ந்த காலத்தில் பிறந்த பத்துப் பிள்ளைகள். ஜெர்மனியின் சின்ன நாடு ஒன்றிலிருந்து வந்த அடிலெய்டுக்கு 25. ஒருவரை ஒருவர் பார்த்து ஒரு வாரம் போல ஆனதும், 1818 ஜூலையில் கியூ அரண்மனையில் கல்யாணம். காதல் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் அடிலெய்டு அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குள் அன்போடு ஏற்றுக்கொண்டார். கட்டுச்செட்டாகக் குடும்பம் நடத்தினார்கள். தங்களுக்குப் பிறந்த பெண்குழந்தைகளைப் பறிகொடுத்த துக்கத்தையும் சேர்ந்தே கடந்தார்கள். 1837-இல் வில்லியம் இறக்கும்வரை அது நல்ல தாம்பத்தியமாக இருந்தது.

ரீஜென்சி காதல் கதை என்ற வகையையே உருவாக்கியவர் ஜார்ஜெட் ஹேயர். அவரும் 1961-இல் ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ நாவலில் இதே காரணத்தைத்தான் எடுத்தார். போரிலிருந்து திரும்பி அப்பாவின் கடனைச் சுமக்கும், விஸ்கவுன்ட் பட்டமுள்ள பிரபு, லண்டன் வியாபாரியின் மகள், அவன் மனதில் வேறொருத்தி. அந்தப் பழைய மயக்கத்துக்குப் பதிலாக அவனுக்குக் கிடைப்பது உறுதியான, அன்றாட அன்பு. சில வாசகர்களுக்கு அந்த முடிவு ஏமாற்றம். எனக்கு அதுதான் இந்த வகையிலேயே மிகவும் நம்பக்கூடிய முடிவு.

பணத்தைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு கேள்வியிலிருந்தும் தப்ப முடியாது, தப்பவும் கூடாது: மாமனாருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அடிமை வியாபாரம் 1807-இல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைத் தோட்டங்களில் அடிமைத்தனம் 1830-கள் வரை தொடர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி வழியாகச் சம்பாதித்தவர் என்றால் நம் மண்ணுக்கே வந்துவிடுகிறோம். மதராஸில் கம்பெனி ஆட்கள் ஆற்காடு நவாபுக்குக் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அவர் அதற்கு ஈடாகத் தன் ஆட்சியில் இருந்த கர்நாடகச் சீமையின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, நம் ஆற்காட்டுப் பக்கம்) நிலவரி வருமானத்தை எழுதிக்கொடுத்தார். வட்டி கட்டியது உழவர்கள். எட்மண்ட் பர்க் 1785-இலேயே நாடாளுமன்றத்தில் இதைக் கிழித்துப் பேசினார். அந்தக் கடன்களின் வழக்கை விசாரிக்க 1805-இல் அமைத்த ஆணையம் ரீஜென்சி காலம் முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது. ஓர் இங்கிலாந்து மாளிகையின் ஒழுகும் கூரையை ஆற்காட்டுச் சீமையின் நெல் சரிசெய்திருக்கலாம். தமிழில் எழுதுபவர் இதைக் கதாநாயகிக்குத் தெரியவைத்தால், இங்கிலாந்துக்காரர்கள் அதிகம் எழுதாத ஒரு கதை கிடைக்கும். இந்த ஒன்றுக்காகவே நான் கடனின் பக்கம் நிற்பேன்.

எப்போது வேறு காரணத்தை எடுக்கலாம்? பத்தாயிரம் வார்த்தைக்குள் முடிக்கிற சிறிய கதை என்றால் ஊர்ப்பேச்சு போதும். கல்யாணத்துக்குப் பின் நீண்ட காலம் காட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளை மையமாக வைத்து எழுத ஆசை என்றால் மனைவியை இழந்தவரும் கவர்னஸும் சேரும் கதை கடனைவிட நன்றாக வரும். தொடராக நாற்பது, ஐம்பது அத்தியாயம் போக வேண்டுமென்றால் கடன்தான்.

தேர்ந்தெடுத்த காரணத்துக்கு ஏற்ப சடங்கையும் அமைக்க வேண்டும். 1754-இலிருந்து நடப்பில் இருந்த ஹார்ட்விக் சட்டப்படி மாதாகோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்க வேண்டும், அல்லது பிஷப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். 21 வயது ஆகாதவர் உரிமத்தில் மணக்க அப்பாவின் சம்மதம் வேண்டும். எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கல்யாணம் செய்யவைக்கும் சிறப்பு உரிமத்தைத் தருபவர் கேன்டர்பரி பேராயர் ஒருவர்தான், அதுவும் பெரிய இடத்து ஆட்களுக்குத்தான். பெயர் கெட்ட கதையில் இந்த அவசரம் பொருந்தும். எல்லை தாண்டி, இந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடுவதும் அங்கேதான் பொருந்தும். கடன் கதையில் அவசரமே இல்லை, பத்திரம் எழுதவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் சாதாரண உரிமம், பகல் பன்னிரண்டுக்கு முன் மாதாகோயிலில் கல்யாணம். முதல் அத்தியாயத்தை நடன மண்டபத்தில் தொடங்காமல் வக்கீலின் அறையில் தொடங்குங்கள். பத்திரத்தில் பெண்ணும் ஒரு தரப்பு, கையெழுத்துப் போட வேண்டியவள். அவள் அங்கே இருக்கட்டும். அப்பாவும் வருங்காலக் கணவனும் சங்கடத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கைச்செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று அவளே வாய்திறந்து கேட்கட்டும்.